கருவியறையின் கணக்கு

ஒரு தொழிற்சாலையின் செல்வம் எவ்வளவு என்று கேட்டால், இயந்திரங்களின் விலையையும் கட்டடத்தின் பரப்பையும் சொல்வதே உலக வழக்கமாக இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரம் நள்ளிரவு ஷிப்டில் திடீரென்று நின்றுவிடும்போது, பேரிங்கைக் கழற்றுவதற்கு உரிய புல்லரோ, அளந்து பார்ப்பதற்கு உரிய கேஜோ, துளையிடுவதற்கு உரிய டிரில் பிட்டோ கையெட்டும் தூரத்தில், நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அந்தச் செல்வம் மெய்யான செல்வமா, ஏட்டில் மட்டும் உள்ள செல்வமா என்பது நிச்சயமாகிறது. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஸ்பேனர்களையும் டிரில்களையும் எண்ணி வைப்பதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நிறைய இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

நான் வசிப்பது ஆர்.கே.பேட்டை. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த இவ்வூர், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பிரதேசம் சென்னை ராஜ்யத்துடன் சேர்க்கப்படும் வரையில் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. இங்கேயும், அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை முதலிய சுற்றுவட்டாரங்களிலும், நெசவுதான் ஜீவனம். தெருவில் நடந்தால் விசைத்தறியின் ஓசை காதை விட்டு அகலுவதில்லை. தறி கூலி போதாமல் போன குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, காக்களூருக்கும் திருமழிசைக்கும், மாவட்டத்தின் மறுகோடியாகிய கும்மிடிப்பூண்டிக்கும் வேலைக்குப் போகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளின் கருவியறைகளில், அதாவது டூல் கிரிப் என்று எல்லோரும் சொல்கிற அந்தக் கம்பி வலை அடித்த அறைகளில், உழைத்த காலத்தில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அது இதுதான். கருவி வேண்டிய நேரத்தில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி இல்லாமை அன்று. லெட்ஜரில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கும். அலமாரியில் மூன்று இருக்கும். மற்ற ஒன்பதும் ஆலையை விட்டு எங்கும் போயிருப்பதில்லை. ஒன்று ஃபிட்டரின் லாக்கரில் அழுக்குத் துணிக்குள் இருக்கும்; ஒன்று லேத் மெஷினின் பின்புறத்துப் பெட்டியில் இருக்கும்; இரண்டு, ஷிப்ட் சூப்பர்வைசரின் மேஜை இழுப்பறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். இதைக் கண்டுபிடித்த நிர்வாகம் உடனே திருட்டு என்று தீர்மானித்து, வாசலில் சோதனையைக் கடுமையாக்கும். ஆனால் வீட்டுக்குக் கொண்டு போவதற்காக எடுத்தவன், ஆலைக்குள்ளேயே ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? பஞ்ச காலத்தில் அரிசியைப் பானைக்கு அடியில் பதுக்கி வைக்கிற குடும்பத் தலைவியைத் திருடி என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? நாளைக்குக் கிடைக்காது என்ற அச்சமே அவளை அவ்வாறு செய்விக்கிறது. கருவியறையைத் தொழிலாளி நம்பாதபோது அவனும் அதையே செய்கிறான். அவன் ஒன்றைப் பதுக்குவதால் அடுத்தவனுக்குக் கிடைக்காமல் போக, அவனும் அடுத்த முறை பதுக்குகிறான். புதிதாக எத்தனை வாங்கிப் போட்டாலும் அத்தனையும் லாக்கர்களுக்குள் மறைந்துவிடுகின்றன. ஆகையால் கருவி நிர்வாகம் என்பது முதலாவதாக நம்பிக்கையை உண்டாக்கும் காரியம். எண்ணுவதும் எழுதுவதும் பூட்டுவதும் அந்த நம்பிக்கைக்கு ஊழியம் செய்கிற வரையில்தான் பிரயோஜனம் உள்ளவை.

இந்த வட்டாரத்தில் கருவி ஒழுங்கு என்பது புதிதாக வந்த சரக்கு அன்று. பெரம்பூர் ரயில்வே பட்டறை 1856-ஆம் ஆண்டு முதலே நடந்து வருவது. இன்டெக்ரல் கோச் பாக்டரி 1955-இல் தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அறுபதுகளில் எழுந்தது. இவற்றில் பயின்று வந்த பெரியவர்களே பிற்காலத்தில் அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் எத்தனையோ பட்டறைகளுக்கு ஃபோர்மேன்களாகவும் ஆசான்களாகவும் அமைந்தார்கள். அவர்கள் தலைமுறைக்கு மிகவும் பழக்கமானது பித்தளை டோக்கன் முறை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனுடைய எண் பொறித்த சில பித்தளை வில்லைகள் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு ரீமர் வேண்டுமானால் ஒரு வில்லையை ஜன்னலில் கொடுத்து வாங்க வேண்டும். கொடுத்த வில்லை அந்த ரீமர் தொங்கிய ஆணியிலேயே தொங்கும். திருப்பிக் கொடுத்தால் வில்லை திரும்பி வரும். படிக்காதவனுக்கும் விளங்குகிற முறை. மின்சாரம் போனாலும் நின்றுபோகாத முறை. வில்லைகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவனால் கருவிகளை வைத்துக்கொள்ள இயலாது என்பதால், பதுக்கலுக்கு இயற்கையாகவே ஒரு வரம்பும் ஏற்பட்டுவிட்டது. இன்றைக்கு பார்கோடும் கைப்பேசிச் செயலியும் வந்துவிட்ட பிறகும், அவற்றை அமைக்கிறவர்கள் இந்த வில்லையின் தத்துவத்தை உணர்ந்து அமைத்தால்தான் சிலாக்கியம்: கருவி இருக்கும் இடம் காலியானால், அது யாரிடம் இருக்கிறது என்பது அந்த இடத்திலேயே, பார்த்தவுடன் தெரிய வேண்டும். கணினியைத் திறந்து, ஐந்து திரைகளைத் தாண்டிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், ராத்திரி ஷிப்டில் ஒருவரும் அதைப் பார்க்கமாட்டார்கள்.

உலகத்தில் இந்த விஷயத்தைச் சாஸ்திரமாக்க முயன்றவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் டெய்லர். பெத்லஹேம் இரும்பாலையில் மான்செல் ஒயிட் என்பவருடன் சேர்ந்து அதிவேக எஃகைக் கண்டறிந்த அவர், 1903-இல் பட்டறை நிர்வாகத்தைப் பற்றியும், 1906-இல் உலோகம் வெட்டும் கலையைப் பற்றியும் பொறியாளர் சங்கத்தின் முன் நீண்ட உரைகளைச் சமர்ப்பித்தார். வெட்டும் கருவிகளை ஒவ்வொரு தொழிலாளியும் தன் மனம்போல் தீட்டிக்கொள்ளாமல், கருவியறையிலேயே ஒரே அளவாகத் தீட்டி, எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளக் குறியிட்டு வைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். டெய்லரின் கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லாதவை பல உண்டு. மனிதனைக் கடிகாரத்தின் முன் நிறுத்தி, அவனுடைய யோசனையைப் பறித்துக்கொண்ட பாவத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் தொழிலாளிக்கு நியாயம் செய்தார். தகுந்த கருவியைத் தகுந்த நிலையில் தயாராக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. கருவிக்காகத் தொழிலாளி அலைவது அவனுடைய குற்றம் அன்று என்பது அவருடைய ஏற்பாட்டிலிருந்து தானாகவே பெறப்படுகிறது. நம்முடைய ஆலைகளில் இன்னும் இது பூரணமாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

எவ்வளவு வாங்கி வைப்பது என்ற கேள்விக்கு, 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற மற்றோர் அமெரிக்கப் பொறியாளர் ஒரு விடை சொன்னார். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் போடும் செலவு பெருகும். ஒரேயடியாக வாங்கினால் பணமும் இடமும் முடங்கும். இரண்டும் சமமாகும் அளவே உத்தமம். ஓர் உதாரணம் சொல்கிறேன். வருஷத்துக்கு 1,200 கார்பைடு இன்சர்ட்டுகள் செலவாகின்றன, ஒரு முறை ஆர்டர் போட 150 ரூபாய் ஆகிறது, ஓர் இன்சர்ட்டை ஒரு வருஷம் வைத்திருக்க 4 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,200-ஐ 150-ஆல் பெருக்கி, இரட்டித்து, 4-ஆல் வகுத்தால் 90,000. அதன் வர்க்கமூலம் 300. ஆகவே ஒரு தடவைக்கு 300 வாங்குவது சரி. வேலைநாள் 300 என்றால் தினம் 4 செலவு. சரக்கு வந்து சேரப் பத்து நாள் ஆகுமானால் 40. எதிர்பாராததற்கு ஒரு 20 சேர்த்து, இருப்பு 60-க்கு இறங்கியதும் ஆர்டர் போட்டுவிட வேண்டும். அந்த அறுபதைத் தனியே ஒரு சிவப்புப் பையில் கட்டி வைத்துவிட்டு, பையைப் பிரிக்க நேர்ந்தால் அன்றே இன்டென்ட் எழுத வேண்டும் என்று விதி செய்துவிட்டால், கணக்குத் தெரியாதவனும் கணக்குப்படியே நடப்பான்.

இந்தச் சூத்திரம் மெய்யானதுதான். ஆனால் செலவு சீராக இருக்கும் என்ற அனுமானத்தின்மேல் நிற்பது. பட்டறையில் கருவி சீராக உடைவதில்லை. உள்ளே மணலும் கடினத் திட்டுகளும் கலந்த மோசமான காஸ்டிங் ஒரு லோடு வந்து இறங்கினால், ஒரு மாதத்து டிரில்கள் ஓர் இரவிலேயே மொட்டையாகிவிடும். அதனால், ஒரு கருவி மிகையாகச் செலவாகிறது என்று கருவியறைக்குத் தெரிந்தவுடன், ஏன் என்று மெஷினிடம் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஸ்டோர் கீப்பர், எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டோர் கீப்பரைவிட அந்த ஆலைக்குப் பல மடங்கு உபகாரமானவர்.

விலையை வைத்துக் கருவியின் முக்கியத்துவத்தை அளப்பது மற்றொரு பெரும் பிழை. விலை மிகுந்தவற்றுக்கு மூன்று பூட்டும், விலை குறைந்தவற்றுக்கு ஒரு சாக்குப் பையும் என்பது பல இடங்களில் வழக்கம். லேத்தின் சக்கு சாவி என்ன பிரமாதமான விலை? அது காணாமல் போனால் பல லட்ச ரூபாய் இயந்திரம் நிற்கிறது. அவசரத்துக்கு ஸ்பேனரையும் குழாயையும் வைத்து முறுக்கினால், சக்கும் கெட்டு, கையும் போகிறது. எங்கள் ஊர்த் தறியிலும் இப்படித்தான். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்துத் தள்ளும் பிக்கர் என்ற சிறு உறுப்பு, தறியின் மொத்த மதிப்போடு ஒப்பிட்டால் அற்பமானது. நாடாவின் அடியை இடைவிடாமல் தாங்கித் தாங்கி அது ஓட்டையாகும். ஓட்டையான பிக்கரால் நாடா நேராகப் பாயாது. பாதை தவறிப் பாவுக்குள் சிக்கினால் நூற்றுக்கணக்கான இழைகள் ஒரு நொடியில் அறும். அறுந்ததைப் பிணைத்து, விழுதிலும் பண்ணையிலும் கோத்து எடுப்பதற்குள் அன்றைய கூலி போய்விடுகிறது. கடை மூடிய பிறகு இது நேர்ந்தால், காலை வரையில் தறி நிற்க வேண்டியதுதான். ஆகவேதான் பொறியாளர்கள் விலைவாரியாக ஒரு பிரிவினையும், அது இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை வைத்து வேறொரு பிரிவினையும் செய்யச் சொல்கிறார்கள்: இல்லாவிட்டால் உற்பத்தியே நிற்கும் உயிர்நிலைப் பொருள்கள், இல்லாவிட்டால் வேலை தடுமாறும் அவசியப் பொருள்கள், இருந்தால் சௌகரியமான பொருள்கள். இரண்டாவது பிரிவினையைச் செய்யாமல் முதல் பிரிவினையோடு நிறுத்திக்கொள்கிற இடங்களில்தான் ராத்திரியில் இயந்திரங்கள் காத்துக்கிடக்கின்றன.

இருப்புக் குறைவும் அடையாளக் குறைவும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு, விமானத் துறையிலிருந்து ஒரு சம்பவத்தை நான் பயிற்சிப் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வதுண்டு. 1990 ஜூன் 10-ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயின் தேசத்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 என்ற விமானம், சுமார் 17,300 அடி உயரத்தை அடைந்தபோது, தலைமை விமானியின் முன்னாலிருந்த கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. விமானியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். அந்த விமானி உயிர் பிழைத்தது அதிசயமே. கண்ணாடியை மாற்றிய பராமரிப்புப் பொறுப்பாளர், முதல்நாள் அதிகாலை, பழைய போல்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போன்றவற்றைத் தேடினார். ஸ்டோரில் இருந்தவர் சரியான ரகம் இன்னது என்று சொல்லவும் செய்தார். ஆனால் பொறுப்பாளர் கேட்ட ரகம் அங்கே போதிய இருப்பில் இல்லை. அவர் வேறோர் இடத்திலிருந்த, ஆளில்லாத, வெளிச்சம் போதாத உதிரிபாக அடுக்குக்குப் போய், கண்ணளவில் ஒப்பிட்டு எடுத்தார். பொருத்தப்பட்ட 90 போல்டுகளில் 84, குறுக்களவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 26 பங்கு குறைந்தவையாக இருந்தன; மற்ற ஆறும் நீளம் போதாதவை.

அந்த மனிதர் அனுபவம் மிக்கவர் என்பதை நான் அழுத்திச் சொல்வது வழக்கம். விளக்கு ஒழுங்காக எரிந்து, பெட்டியின்மேல் எழுத்துத் தெளிவாக இருந்து, ஸ்டோர்க்காரரின் வார்த்தைக்கு ஒரு மரியாதை இருந்திருந்தால், அந்த விமானம் ஒரு சங்கடமும் இன்றிப் போய்ச் சேர்ந்திருக்கும். இந்தக் கடைசிக் காரணம் நம் நாட்டில் மிகவும் கவனிக்கத்தக்கது. வேறு எந்த வேலைக்கும் ஆகாதவர் என்று கருதப்படுகிறவரையும், உடல்நலம் குன்றியவரையும் கருவியறையில் உட்கார வைக்கும் வழக்கம் பல ஆலைகளில் இன்னும் இருக்கிறது. அவர் இது தப்பான சைஸ் என்று சொன்னால், உனக்கென்ன தெரியும், எடுத்துக் கொடு என்று பதில் வருகிறது. எந்த மெஷினுக்கு எந்த டேப், எந்த உலோகத்துக்கு எந்த டிரில் என்று தெரிந்த ஒருவரை அங்கே அமர்த்தி, ஃபோர்மேனுக்குச் சமமான ஸ்தானம் கொடுத்தாலொழிய, எத்தனை மென்பொருள் வாங்கினாலும் பலன் இராது.

கருவி இருப்பது வேறு. பயன்படும் நிலையில் இருப்பது வேறு. மைக்ரோமீட்டர் அலமாரியில் இருக்கும். அதன் அளவுச் சோதனைக்குத் தவணை கடந்திருக்கும். அப்போது அது இல்லாததற்குச் சமம். எல்லா அளவுக் கருவிகளையும் ஒரே வாரத்தில் சோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டு, அந்த வாரம் முழுதும் தரச் சோதனை திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். தவணைகளை மாதந்தோறும் பிரித்து வைத்தால் தீர்ந்துபோகிற துன்பம் அது. பாரம் தூக்கும் சங்கிலிகளையும் கயிறுகளையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு முழுமையாகப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 29-ஆம் பிரிவில் விதித்தது. அதோடு நில்லாமல் காலாண்டுதோறும் பரிசோதித்து, தேறிய சங்கிலிக்கு அந்தக் காலாண்டுக்குரிய நிறத்தைப் பூசிவிடுவது நல்ல ஆலைகளின் வழக்கம். கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருட்டாலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதிய பலகை அவர்களுள் பலருக்கு உதவுவதில்லை. பச்சை பூசியது மட்டும் இந்த மூன்று மாதத்துக்குச் செல்லும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் நிழலுருவத்தையும் வரைந்து, அதன்மேலேயே அதைத் தொங்கவிடுவதும் இதே காரணத்தால் மேலான ஏற்பாடு.

இருப்பைச் சரிபார்ப்பதற்கு நம் மரபிலேயே ஓர் அருமையான நாள் அமைந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல்நாள் ஆலை முழுவதும் கழுவப்படுகிறது. வாழைக்கன்றும் மாவிலையும் வருகின்றன. கருவிகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக அடுக்குகிறார்கள். பூஜைக்கு வைக்காமல் ஒரு கருவியை ஒளித்து வைத்திருக்க எந்தத் தொழிலாளியின் மனமும் சம்மதிப்பதில்லை. வருஷம் முழுதும் காணாமல் போயிருந்த புல்லரும், டயல் கேஜும், ஆலன் கீ செட்டும் அன்று தாமாகவே வந்து உட்கார்ந்திருப்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்த பிறகு, யாரிடமிருந்து எது வந்தது என்று ஒரு வார்த்தையும் கேட்காமல், எல்லாவற்றையும் எண்ணி எழுதி, உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். விசாரணை என்று ஒரு முறை தொடங்கிவிட்டால், மறு வருஷம் ஒரு போல்டுகூட வெளியே வராது. அத்துடன், வெளியே வந்தவற்றின் பட்டியலையும் நிர்வாகம் சிரத்தையுடன் படிக்க வேண்டும். எந்தக் கருவியை அதிகம் பேர் பதுக்கியிருந்தார்களோ, அந்தக் கருவிதான் அந்த ஆலையில் மெய்யாகவே பற்றாக்குறையாக உள்ளது. எந்த ஆலோசகரும் இவ்வளவு நேர்மையான அறிக்கையைக் கொடுத்துவிட முடியாது.

பதுக்கல் ஒழிவதற்கு வேறு சில சாதாரண ஏற்பாடுகளும் வேண்டும். ஷிப்ட் மாறும் அரைமணி நேரத்தில் கருவியறை ஜன்னலில் இரண்டு பேர் இருக்க வேண்டும்; வரிசையில் நிற்கப் பொறுமையற்றவன்தான் கருவியைத் திருப்பாமல் லாக்கரில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறான். உடைந்த கருவியைக் கொண்டுவந்து கொடுத்தால் சம்பளத்தில் பிடித்தம் என்ற விதி இருக்கிற இடத்தில், உடைந்தவை குப்பைக்குப் போகும், லெட்ஜரில் மட்டும் சாகாமல் இருக்கும். உடைந்ததைக் கொடு, புதியதைப் பெற்றுக்கொள் என்பதே உத்தமமான விதி. ஏன் உடைந்தது என்ற விசாரணை தனியே, நிதானமாக, கற்றுக்கொள்ளும் நோக்கத்துடன் நடக்கட்டும். தினந்தோறும் தேவைப்படும் பத்துப் பதினைந்து கருவிகளை ஒவ்வொரு ஃபிட்டருக்கும் சொந்தப் பெட்டியாகவே கொடுத்துவிடுவதும் நல்லது. எல்லாவற்றையும் மையத்தில் பூட்டி வைப்பது ஒழுங்கு என்று எண்ணுவது மயக்கம்.

இதையெல்லாம் எழுதும்போது என் மனம் கும்மிடிப்பூண்டியை விட்டு எங்கள் ஊர்த் தறிகளையே சுற்றுகிறது. நான்கு தறி, ஆறு தறி வைத்திருக்கும் குடும்பத்தால் பேரிங் புல்லரோ, வெல்டிங் செட்டோ, ஷாஃப்டின் கோணலைப் பார்க்கும் டயல் கேஜோ வாங்கி வைக்க இயலாது. வாங்கினாலும் வருஷத்தில் பெரும்பகுதி சும்மாவே கிடக்கும். மேஸ்திரி வரும்வரை காத்திருப்பதும், அவரிடம் உள்ள கருவியைக் கொண்டு முடிந்ததைச் செய்துகொள்வதுமே இப்போதைய நிலைமை. நூலுக்கும் விற்பனைக்கும் கூட்டுறவு கண்ட நெசவாளர் சமூகம், கருவிக்கும் அதைக் காணலாம் என்பது என் உறுதியான எண்ணம். தெருவுக்கு ஒன்றாக, இரவிலும் திறக்கக்கூடிய ஓர் அறை. அடிக்கடி வேண்டாதவையும் விலை மிகுந்தவையுமான கருவிகள் அங்கே பொதுவில். எடுத்தவர் வீட்டு எண் பொறித்த வில்லை அந்த ஆணியில். தறி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஸ்திரியை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். கருவியைக் கொடுக்கும்போதே அதைப் பிடிக்கும் விதத்தையும் இளைஞர்களுக்கு அவரால் சொல்லித்தர முடியும். நாடாவும் பிக்கரும் பெல்ட்டும் மட்டும் பொது அறைக்கு வேண்டாம். அவை ஒவ்வொரு தறிக்கூடத்திலும், தறியிலிருந்து நான்கடி தூரத்துக்குள், குறைந்தபட்சம் இரண்டிரண்டாவது இருந்தாக வேண்டும். இரண்டில் ஒன்று செலவானால் மறுநாள் காலையிலேயே வாங்கிவிடலாம். அதற்குரிய கடைகள் பஜாரில் இருக்கின்றன. இதைப் பற்றித் தறி வைத்திருக்கும் நண்பர்கள் சிலரிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன். வாடகைக்கு ஓர் அறையும் பார்த்திருக்கிறோம். முதலில் எந்தெந்தக் கருவிகளை வாங்குவது என்ற பட்டியலில்தான் இப்போது விவாதம் நடக்கிறது.